எழுத்துத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் சென்ற தவணையில் அனுப்பிவைத்த ஆறு மின்நூல் வாசிப்புக் கருவிகளைப் பிள்ளைகள் முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். “மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறான், வாசிப்பதே இல்லை” என்று உங்களில் சிலர் குறைப்பட்டீர்கள். நானும் பிள்ளைகளைத்தான் கடிந்துகொண்டேன். அது என் பிழை.

போன கிழமை தரம் 7 மாணவி ஒருத்தி “இரண்டு கோடி ரூபாய்” என்பதை “இரண்டு கொடி ரூபாய்” என்று வாசித்தாள். வகுப்பே சிரித்தது. கருவியை வாங்கிப் பார்த்தேன். நூலிழை போல மெல்லிய எழுத்து, அதுவும் சாம்பல் நிறத்தில். இரட்டைக்கொம்பின் மேற்சுழியைக் காணவில்லை. அடுத்த வரியில் “பல்” தன் புள்ளியை இழந்து “பல” ஆகியிருந்தது. நானே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வாசித்தேன்.

வெள்ளைப் பின்னணிக்கும் அதன்மேலுள்ள தனிக் கறுப்பு எழுத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறி. இந்தக் கருவியின் வெள்ளையோ பத்திரிகைத் தாள் போலச் சற்று மங்கலானது. அதன்மேல் சாம்பல் எழுத்தை வைத்தால் பிள்ளை என்ன செய்யும்? ஆறு கருவிகளிலும் தடித்த எழுத்துருவும் பெரிய அளவும் வைத்திருக்கிறோம். தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

‘நூலகம்’ என்ற இணையத் தளத்துப் பழைய நூல்கள், பக்கங்களை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த படங்கள். அவற்றில் எழுத்துருவை மாற்ற இயலாது. கருவியைக் கிடையாகத் திருப்பினால் வரி பெரிதாகும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட வினாத்தாள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கருவி பழுதென்று எண்ணாதீர்கள். எங்களிடம் தாருங்கள், பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம்.

இந்தத் திரையில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் இடம் மாறித்தான் எழுத்தாகின்றன. எங்களிடம் உள்ளவற்றில் விளக்கும் இல்லை. அதனால் கைத்தொலைபேசி மங்கிப்போகும் வன்னி வெயிலிலும் இது தெளிவாகத் தெரியும். இரவில் மட்டும் பக்கத்தில் விளக்கு வேண்டும். பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் செலவாகாது, தினமும் மின்னேற்றத் தேவையில்லை.

எழுத்தைப் பெரிதாக்கியும் பிள்ளை மூக்கருகே பிடித்து வாசித்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காலபோக நெல் விதைப்பு நேரம் என்பதால் வேலைநாளில் உங்களை அழைக்கவில்லை. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பாடசாலையில் இருப்பேன். கருவியோடு பிள்ளையையும் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்
கிளிநொச்சி