பாப்பாவுக்கு, அந்த ஹீட்டர் கோர் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹீட்டரைப் போட்டால் காருக்குள் தித்திப்பாக ஒரு வாடை, எத்தனை முறை துடைத்தாலும் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, பக்கத்து சீட்டின் கால் வைக்கிற இடத்தில் ஈரம். ஏசி தண்ணீராக இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. ஏசியில் சொட்டுவது வெறும் தண்ணீர்; அது இப்படி இனிப்பாக மணக்காது, வழுக்காது. கார்ப்பெட்டின் மேல் ஒரு வெள்ளை டிஷ்யூவை அழுத்திப் பார். பச்சையோ சிவப்போ ஒட்டி, விரலில் வழவழவென்று இருந்தால் அது கூலன்ட்தான், எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம். ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற குட்டி ரேடியேட்டர் அது. எஞ்சினில் சூடான கூலன்ட் அதற்குள் ஓடும், புளோயர் அதன் வழியே ஊதுகிற காற்றுதான் உங்களுக்கு வெப்பம். கூலன்ட்டில் அரிப்பைத் தடுக்கிற மருந்து கலந்திருக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அது தீர்ந்துபோய், மெல்லிய குழாய்கள் உள்ளிருந்தே அரித்துவிடும். பழைய வண்டியில் வரக்கூடியதுதான்.

ஆனால் “குறையக் குறைய ஊற்றி ஓட்டிக்கிறேன்ப்பா” என்றாயே, அதற்கு மட்டும் என் மனம் ஒப்பவில்லை. பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். விஷம், அதுவும் தித்திக்கிற விஷம். குட்டிக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. முன்னால் ஒழுகுவது கார்ப்பெட்டுக்கு அடியிலேயே பின்சீட்டு வரை ஊறும். அவள் பொம்மை தினமும் விழுகிற இடம் அதுதானே! இன்னொன்றும் இருக்கிறது. கூலன்ட் ரொம்பக் குறைந்துவிட்டால், சூட்டை அளக்கிற சென்சார் நனையாமலே நிற்கும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் சாதாரணமாகக் காட்டும். அப்புறம் சேதம் ஹீட்டரோடு நிற்காது.

வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதே. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறட்டும்.

ஒழுகலை அடைக்கும் என்று பாட்டிலில் விற்கிற மருந்தும் வேண்டாம். ஓட்டையை அடைக்கிற அதே சரக்கு ரேடியேட்டரின் நுண்ணிய வழிகளையும் அடைத்துவிடலாம்.

இப்போதைக்கு பைபாஸ் செய்யச் சொல். பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டுக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் நுழைவது தெரியும். அவற்றைக் கோரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் கூலன்ட் உள்ளே வராமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். தனித்தனியாக அடைக்க மட்டும் விடாதே. சில எஞ்சின்களுக்கு அந்தச் சுற்றோட்டம் நிற்கக்கூடாது. பிறகு காற்றை வெளியேற்றி, குறைந்ததை நிரப்பச் சொல். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கிற பஞ்சையும் அலசிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடையும் போகாது, தரையும் துருப்பிடிக்கும்.

இப்படி வெயில் காலத்தை ஓட்டிவிடலாம். குளிர் வந்தால் முடியாது. சூடான காற்று இல்லாமல் கண்ணாடியில் படிகிற ஆவி விலகாது, பனி உருகாது; பாதை தெரியாமல் நீ குழந்தையோடு ஓட்டுவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. அதற்கு முன்னால் கோரை மாற்றிவிடு. பொருள் சின்னதுதான், ஆனால் நிறைய வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். கூலிதான் செலவு, தொகையைக் கேட்டு மலைக்காதே. ஏர்பேக் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அவ்வளவு பிரிக்கும்போது பழைய ஹோஸ்களையும் மாற்றிவிடு. கூலன்ட் மேனுவலில் சொல்லியிருக்கிற வகையாக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதே.

எஞ்சின் நன்றாக இருந்து, அடித்தகடு துருவேறாமல் இருந்தால் இந்த வண்டிக்குச் செலவழிக்கலாம் என்பதுதான் என் எண்ணம். பாதிப் பணம் நான் அனுப்புகிறேன், மறுக்காதே.

பைபாஸ் போடுவதற்கு முன்னால் அந்த இரண்டு ஹோஸும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா