பணக்காரர் பொம்மை என்றாயே, முருகேசா

பர்மிங்காம்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலியைப் பற்றி நீ மூச்சு விடமாட்டாய், செல்விதான் சொன்னாள். வைத்தியம் பார்த்துக்கொள். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். ஆனால் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கையால் கார் கட்டும் சிறு நிறுவனங்களைப் பற்றிப் பொங்கலன்று ஃபோனில் நீ கேட்டாயே, "பணக்காரர்கள் விளையாடும் பொம்மைக்கு அரசாங்கம் எதற்கடா சலுகை கொடுக்க வேண்டும்?" என்று. அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்த வாரம் அந்தப் பதில் எங்கள் பட்டறை வாசலுக்கே வந்து நின்றது.

எங்கள் பட்டறை யாருக்கு வேலை செய்கிறது என்று உனக்குத் தெரியும். வருடத்துக்குச் சில நூறு கார்கள் மட்டும் கட்டும் நிறுவனங்களுக்குத் தாங்கிகள், குழாய்கள், எரிபொருள் தொட்டிகள். அவற்றில் ஒரு நிறுவனத்துக்கு இயந்திரம் கொடுத்துவந்த பெரிய கம்பெனி, அந்த இயந்திரத்தின் உற்பத்தியையே நிறுத்தப்போகிறது. பெரிய கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கணக்கில் இவர்கள் வாங்குவது ஒரு துளி. ஆனால் இங்கே என்ன ஆகிறது, பார். புது இயந்திரம் வந்தால் தாங்கி மாறும், கியர்பாக்ஸ் மாறும், வெப்பம் போகும் வழி மாறும், புகைச் சோதனை முதலிலிருந்து தொடங்கும். அதுவரை ஆர்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு இளைஞர்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு அலுமினியப் பற்றவைப்பை நான் நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தேன். அவன் கை இப்போதுதான் படிந்திருக்கிறது. அவன் கிடங்கு வேலைக்குப் போய்விட்டால் திரும்பி வரமாட்டான்.

சனிக்கிழமை மனம் சரியில்லாமல் மால்வெர்னுக்குப் போனேன். அங்கே மார்கன் கார் தொழிற்சாலையைப் பணம் கட்டிச் சுற்றிப் பார்க்கலாம். நூறு வருடத்துக்கும் மேலாக அதே ஊரில் கார் கட்டுகிறார்கள். நீ அங்கே நின்றிருக்க வேண்டும், முருகேசா! காரின் மேற்கூட்டுக்கு இன்றும் ஆஷ் மரத்தில் சட்டம் போடுகிறார்கள். மெல்லிய பலகைகளை அடுக்கிப் பசை தடவி, அச்சில் இறுக்கி, சக்கரத்தின் மேல் வரும் வளைவை எடுக்கிறார்கள். இழைப்புளியை அவர்கள் பிடித்த பிடி அப்படியே உன் அப்பாவுடையது. கோவை கணபதியில் அவர் வார்ப்படத்துக்கு மரப் பேட்டர்ன் செதுக்கும்போது நாம் மரத்தூளில் உட்கார்ந்து முறுக்குத் தின்ற மத்தியானங்கள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன.

பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நினைக்காதே. அதே மார்கன்தான் 2000இல் வந்த ஏரோ 8க்கு அலுமினியத்தைப் பசையால் ஒட்டிய அடித்தளம் போட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பே, 1996இல், ஹெத்தெல் என்ற ஊரில் லோட்டஸ் நிறுவனம் தன் எலீஸ் காரில் அதைச் செய்து காட்டியிருந்தது. டெஸ்லாவின் முதல் கார் 2008இல் வந்ததே, அது அந்த எலீஸின் வழியில் பிறந்து அதே ஹெத்தெலில் கட்டப்பட்ட வண்டி. முழுக்க கார்பன் இழையில் கூடு கட்டிய சாலைக் காரை 1992இல் மெக்லாரன் நிறுவனம் காட்டியது. லட்சக்கணக்கில் கார் கட்டுபவன் இப்படிச் சோதித்துத் தோற்றால் பெருநட்டம். முன்னூறு கட்டுபவன் துணிவான். இந்தச் சிறு நிறுவனங்களின் மதிப்பை விற்ற கார்களை எண்ணி அளப்பது எனக்கு ஒப்பவில்லை. அவர்களிடம் படியும் கைகளையும் அவர்கள் துணிந்து பார்க்கும் சோதனைகளையும் எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?

இனி உன் சலுகைக்கு வருகிறேன். ஒரு சோதனைக்கு 20 லட்சம் பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள். 2 லட்சம் கார் விற்பவனுக்குக் காருக்கு 10 பவுண்டு. 800 விற்பவனுக்கு 2,500 பவுண்டு. சட்டம் ஒன்றுதான், ஆனால் அது விழும் தோள் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியம் இதைப் புரிந்துகொண்டது. வருடத்துக்கு 1,000 காருக்குக் கீழே பதிவு செய்பவருக்குக் கரியமில வாயுவைக் குறைக்கும் இலக்கு கிடையாது. 1,000 முதல் 10,000 வரை உள்ளவர் தமக்கென்று தனி இலக்குக் கேட்கலாம், அதுவும் 2035 முடிய. விற்கும் கார்களில் இத்தனை சதவீதம் மின்காராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பிரிட்டனில் 2024இல் வந்தபோது 2,500க்குக் கீழ் விற்பவர்களை விட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலில், 2030க்குப் பின்னும் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள்.

இதெல்லாம் போதுமா? போதாது என்பேன். அமெரிக்காவைப் பார். பழைய கார்களின் சாயலில் வருடத்துக்கு 325 வரை கட்டி விற்க 2015இல் சட்டம் இயற்றினார்கள். அதற்கான விதி முடிந்து வந்தது 2021இல். இடைப்பட்ட காலத்தில் சட்டத்தை நம்பி முதல் போட்டவன் என்ன செய்வான்? சிறு நிறுவனத்தின் கழுத்தை நெரிப்பது இந்தக் காத்திருப்புதான். 2025இல் வந்த சுங்க வரியும் அப்படித்தான். இறக்குமதிக் கார்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூட்டியது. பிறகு பிரிட்டனிலிருந்து போகும் முதல் 1 லட்சம் கார்களுக்கு மட்டும் மொத்தம் 10 சதவீதம் என்று குறைத்தார்கள். அந்த 1 லட்சத்தில் பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே வரிசை. ஆர்டர் வந்தபின் மரம் அறுக்கத் தொடங்குபவன், கப்பல் கப்பலாக ஏற்றுபவனோடு எப்படி முந்துவான்? அவனுக்கென்று ஒரு சிறு பங்கைத் தனியே ஒதுக்கியிருக்கலாம்.

ரொக்கமாகப் பணம் கொடுப்பதை நான் கேட்கவில்லை, அதில் உன் பக்கம்தான் நிற்கிறேன். டிவிஆர் என்ற பழைய கார் நிறுவனத்தின் பெயரை உயிர்ப்பிக்க வேல்ஸ் அரசு பணம் போட்டது. 2017இல் காரைக் காட்டினார்கள், எப் வேலில் தொழிற்சாலை என்றார்கள். அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கார்கூட வெளியே வரவில்லை. மக்கள் வரிப்பணம் அது. எனக்கு வேண்டியது, புது விதி வரும்போது முன்கூட்டியே தெரிகிற தேதி, சோதனைக் கூடத்தைக் குறைந்த கட்டணத்தில் பகிர்ந்துகொள்ள ஒரு வழி, பற்றவைப்பும் தச்சும் பழகும் பையன்களின் கூலியில் ஒரு பகுதி. பாதுகாப்பில் மட்டும் தள்ளுபடி கூடாது. சிறு நிறுவனம் கட்டிய காரில் போகிறவன் உயிரும் உயிர்தான்.

நம் கோவைக் கரிவர்தன் மாருதி இயந்திரத்தை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊரில் இருந்துகொண்டு பொம்மை என்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வண்டிகளைப் பார்க்க நாம் சுவர் ஏறியதை மறந்துவிட்டாயா? நாகராஜின் நீலச் சட்டை கிழிந்ததையாவது நினைத்துப் பார்.

ஜூலையில் உன் மகன் இங்கே வருகிறான் என்றாள் செல்வி. முதல் சனிக்கிழமையே மால்வெர்னுக்கு அழைத்துப் போகிறேன். உன் அப்பாவின் சிறிய இழைப்புளி பரணில்தான் கிடக்கிறது என்றால் அவனிடம் கொடுத்தனுப்பு. நான் பற்றவைப்பு சொல்லிக்கொடுத்த பையன் செவ்வாய்க்கிழமை மேலாளரைப் பார்த்துப் பேசப்போகிறான். நானும் கூடப் போகிறேன். என்ன ஆனது என்று அன்றிரவே எழுதுகிறேன்.

உன்,
சண்முகம்