பாத்ரூம் சுவரில் பொட்டு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் "டிக்கெட் போடுறேன், புனேக்குக் கிளம்பி வாங்க" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும்போது அம்மா பாத்ரூமில் வழுக்கிவிட்டாள். கைக்கு எட்டியது துண்டு போடும் கம்பி. அதைப் பிடித்தாள். அது திருகு, பிளக், கொஞ்சம் சிமெண்டுப் பூச்சு எல்லாவற்றோடும் அவள் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பக்கெட் மேல் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வீக்கம் வடிந்துவிட்டது, சத்தியமும் முடிந்தது.

அந்தக் கம்பியை மாட்டியவன் நான்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் 31 வருஷம் கன்வேயருக்கு போல்ட் முடுக்கியவன், என் வீட்டுச் சுவரில் ஒரு இஞ்ச் திருகு போட்டிருக்கிறேன். டைல்ஸைத் தாண்டி வெறும் பூச்சில் நின்றுகொண்டிருந்தது அது. ஈரத்துண்டு தாங்கும், மனுஷி தாங்காது.

பாத்ரூம் வழுக்குகிறது என்று பொதுவாகச் சொன்னதற்கே நீ ஆன்லைனில் அனுப்பிய ரப்பர் கப் வைத்த கைப்பிடி வந்தது. கோபித்துக்கொள்ளாதே. ஒட்டிய அன்றைக்கு நான் இழுத்தும் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி யாரும் தொடாமலே தடாலென்று விழுந்தது, எழுந்து ஓடினேன். நம் டைல்ஸ் சொரசொரப்பு, நடுவில் கோடுகள், அதன் மேல் போர் தண்ணீரின் உப்புப் படிவு. கப்புக்குள் காற்று கசியாமல் என்ன செய்யும்? இது எப்போது விட்டுவிடும் என்று அதற்கே தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு எழச் சொல்வதை விட ஒன்றும் இல்லாமல் இருப்பது மேல், அப்போதாவது ஜாக்கிரதையாக இருப்பாள்.

சரி, துளை போட்டு மாட்டுவதுதான் வழி என்று லாரன்ஸ் ரோட்டுக்குப் போனேன். முதல் கடைப் பையன் தங்க முலாம் பூசியதைக் காட்டினான். எவ்வளவு எடை தாங்கும் என்றேன். "கெட்டியா இருக்கும் சார்" என்றான். அடுத்த கடையில் பெட்டி மேலேயே 113 கிலோ என்று அச்சடித்திருந்தது. அமெரிக்க விதியில் சொல்லும் 250 பவுண்டுதான் அது. கம்பியின் உருட்டுப் பருமன் ஒன்றேகால் இஞ்சிலிருந்து இரண்டு இஞ்சுக்குள் இருக்கலாம். அம்மா கை சின்னது, ஒன்றேகாலே எடுத்தேன். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை இஞ்ச் இடைவெளி. அதற்குக் குறைந்தால் விரல் முட்டி சுவரில் தேய்கிறது. அதிகமானால், வழுக்கும்போது கை முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், அங்கேதான் எலும்பு முறியும்.

பளபளப்பான கம்பியை வேண்டாம் என்றேன். எண்ணெய்க் கையும் சீயக்காயும் சேர்ந்தால் அதைப் பிடித்தும் பயனில்லை. சொரசொரப்பாக வரி போட்டது கிடைத்தது. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல் என்றார். மட்டமான 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா, நான் வாய் திறக்கவில்லை. முத்திரை பார்த்து, துருவுக்கு இன்னும் தாங்கும் 316 ரகம் கேட்டு வாங்கினேன். 304 போதும்தான், ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் அதுவும் டீக்கறை மாதிரி புள்ளி விடும். தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் இரண்டு நாள் போனது. தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்ச் என்கிறது அதே விதி. அது ஷவருக்கும் தொட்டிக்கும் கமோடுக்கும் எழுதியது. உன் அம்மா நாலு அடி பத்து இஞ்ச். முக்காலியில் உட்கார்ந்து பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள். நான் டேப்பை வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். முக்காலியிலிருந்து எழுவது போல எழுந்தாள், கை தானாகப் போய்ச் சுவரில் எங்கே பட்டதோ அங்கே ஒட்டினாள். கமோடிலிருந்து எழுந்து ஒன்று, வாசல் படியைத் தாண்டி ஒன்று. மூன்று நாள் அப்படியே விட்டோம். ஒரு பொட்டு மட்டும் நாலு விரல் நகர்ந்தது, மற்ற இரண்டும் அதே இடம். அளந்தேன். என் பென்சில் கோட்டுக்கு எதுவுமே பொருந்தவில்லை. கமோடு பக்கத்தில் 29 இஞ்சுதான் வந்தது. முக்காலிப் பக்கம் படுக்கை வாக்கில் போட்டால் எட்டாது, தாழ்விலிருந்து நிமிர நிமிரப் பிடித்துப்போக செங்குத்தாக நீளக் கம்பி வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சாய்வாக மட்டும் போடவில்லை, ஈரக் கை கீழே சறுக்கும்.

தானே புயலுக்கு அடுத்த வருஷம், 2012-ல், டைல்ஸ் மாற்றும்போது சுவரை வெட்டி பைப் புதைத்தார்களே, நீ வேடிக்கையாக ஒரு போட்டோ எடுத்தாய். பழைய ஹார்டு டிஸ்கில் தேடி எடுத்தேன். குழாய்க்கு நேர் மேலே பைப் ஏறியிருக்கிறது. பார்க்காமல் போட்டிருந்தால் துளையோடு தண்ணீரும் வந்திருக்கும். அந்த ஒரு போட்டோவுக்காக உன் மற்ற சேட்டைகளை மன்னித்தேன்.

மேஸ்திரியிடம் வேலையை விட்டேன், ஆனால் நகரவில்லை. டைல்ஸ் மேல் ஒட்டு டேப் போட்டு, டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லின் இடித்துத் துளைக்கும் ஹேமரைப் போடாமல் மெதுவாக ஓட்டச் சொன்னேன். முறைத்தார், ஆனால் ஒரு டைல்ஸும் விரிசல் விடவில்லை. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடிக்கப் போனபோது மறுபடி நிறுத்தினேன். தூளில் பிளக் பிடிக்காது. வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், செங்கல்லுக்குள் நீளத் திருகு நன்றாக ஏறியது. கமோடு பக்கம் நாலரை இஞ்சுச் சுவர். அதில் துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் செங்கல்லே பிளக்கலாம். அதனால் சுவரைக் குடைந்து, அந்தப் பக்கம் சாமான் அறையில் இரும்புப் பட்டை கொடுத்து நட்டு போட்டோம். அந்த நட்டுகளில் அம்மா ஏற்கெனவே முறமும் சல்லடையும் மாட்டியாயிற்று. கம்பிகளின் அடித்தட்டுகளைச் சுற்றிச் சிலிக்கான் பூசினோம், திருகுக்குத் தண்ணீர் போகாமல் இருக்க. மறுநாள் என் 74 கிலோவையும் கொடுத்து இழுத்துப் பார்த்தேன், மூன்றும் அசையவில்லை.

கதவுத் தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி மாற்றியாயிற்று. ராத்திரி விளக்கும் போட்டாயிற்று. புனேக்கு வருவதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். பாடலீஸ்வரர் கோயிலை உங்கள் அபார்ட்மெண்டில் கொண்டுவந்து வைத்தால் யோசிக்கிறாளாம். எனக்கும் அதே பதில் என்று வைத்துக்கொள். பொங்கலுக்கு நீ வா.

இன்னொன்று. மேஸ்திரி கிளம்பும்போது அம்மா அவரைக் கூப்பிட்டு, பின்வாசல் படிச் சுவரைக் காட்டினாள். அங்கேயும் ஒரு பொட்டு இருந்தது, அவள் கைக்கு ரொம்ப உயரத்தில். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் பூப்பறிக்க இறங்கும்போது நான் அந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொள்கிறேனாம். நான் பிடிப்பதே இல்லை என்றேன். சுவரில் கை அழுக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை மேஸ்திரி வருகிறார்.

அன்புடன்,
அப்பா