நாகசாகியிலிருந்து நாகைக்காரனுக்கு

அன்புள்ள நாகைக்காரா,

பேரன் நன்றாக இருக்கிறான். மகளும் நலம். என் முழங்கால் வழக்கம்போல; தரையில் உட்காரச் சொல்லும் ஹோட்டல்களைப் பார்த்தால் மட்டும் அதற்குக் கோபம் வருகிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுகிறேன் என்று நம் ஆட்களிடம் நீ குறைபட்டுக்கொண்டதாகக் கேள்வி. சரி, இதோ வட்டியும் முதலுமாக எழுதுகிறேன். டீ போட்டுக்கொண்டு உட்கார்.

போன வாரம் மருமகன் நாகசாகிக்கு அழைத்துப் போனார். ஃபுகுவோக்காவிலிருந்து ஒரு ரயில். வழியில் இறங்கினால் எதிர்ப் பிளாட்பாரத்திலேயே புல்லட் ரயில் தயாராக நிற்கிறது. 2022-இல் திறந்த அந்தத் துண்டுப் பாதை மற்ற புல்லட் பாதைகளோடு இன்னும் சேரவில்லையாம். "எங்கள் ஊர் மேம்பாலம் மாதிரி" என்றேன். மருமகன் சிரிக்கவில்லை.

அணுகுண்டு அருங்காட்சியகம் போனாயா என்று கேட்பாய். போனேன். 11.02-க்கு நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். குண்டு முதலில் கொக்குராவுக்குத்தான் கிளம்பியது. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் இங்கே திரும்பியது. இதற்கு மேல் எழுத வரவில்லை. எத்தனை ஆகஸ்ட் 9-க்கு, டீ ஆறுவதற்குள் இரண்டு பத்தி ஏஜென்சிச் செய்தியைத் தமிழாக்கித் தள்ளியிருக்கிறோம்! அது போதும்.

உனக்குச் சொல்ல வந்தது தெஜிமாவைப் பற்றி. தீவு என்கிறார்கள், சுற்றிலும் கடலைக் காணோம். துறைமுக வேலைக்காக நூறு வருஷத்துக்கு முன்பே மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் டிராம், ஒரு பக்கம் ஆறு. விசிறி வடிவத்தில் மொத்தமே நாலு ஏக்கர் தேறாது. போர்ச்சுகீசியரை அடைத்து வைக்க 1636-இல் கட்டி முடித்தார்கள். மூன்றே வருஷத்தில் அவர்களை நாட்டை விட்டே துரத்திவிட்டு, 1641-இல் டச்சுக் கம்பெனிக்காரர்களை ஹிராடோவிலிருந்து இங்கே குடியேற்றினார்கள். ஊருக்குள் போக ஒரே பாலம், அதில் காவல். உள்ளே பத்துப் பதினைந்து டச்சுக்காரர்கள். அடைபட்டுக் கிடப்பதற்கு வாடகை வேறு! சீனர்களுக்கு 1689 முதல் தனி அடைப்பு. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே இருநூறு வருஷத்துக்கு மேல் முறையாகத் திறந்திருந்த வாசல் இந்த ஒன்றுதான். டச்சுத் தலைவர் இருந்த வீட்டை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பாய்மேல் ஐரோப்பிய நாற்காலி. சுவர் முழுக்க பூப்போட்ட காகிதம். யார் வீட்டில் யார் விருந்தாளி என்று புரியாத மாதிரி ஓர் அறை.

உன் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது, காலரைத் தூக்கிவிட்டுக்கொள். சிவந்த சிறு கம்பிகளாக வார்த்த ஜப்பானியத் தாமிரம் இங்கிருந்து மரப்பெட்டிகளில் பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) போகும். அங்கிருந்து பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் வரும். எதிர்த் திசையில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. கோடு போட்ட அந்தத் துணிக்கு எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக்காரர்களிடம் பெரிய மோகம். உங்கள் பாட்டி வீட்டு அண்டாவைத் தட்டிப் பார், ஜப்பானிய மொழியில் ஏதாவது சொல்லும்.

துணியும் தாமிரமும் கிடக்கட்டும். என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது வேறு. கோடைக்காலத்துக் காற்றோடு கப்பல் வந்து நங்கூரம் போட்டதும், சரக்கோடு செய்தியையும் இறக்கியாக வேண்டும். உலகத்தில் என்ன நடந்தது என்று டச்சுத் தலைவர் வாயால் சொல்லுவார். துபாஷிகள், அதாவது மொழிபெயர்ப்பாளர்கள், அதை ஜப்பானிய மொழியில் எழுதி, அடித்துத் திருத்தி, நல்ல பிரதி எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து எடோவில் இருந்து நாட்டை ஆண்ட ஷோகனுக்கு விரட்டுவார்கள். 'ஒராண்டா ஃபூசெட்சுகாகி' என்று பெயர், டச்சுக்காரர் சொன்ன சேதிக் குறிப்பு. போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் எங்கே என்ன சதி செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தார்கள்; அப்புறம் போர், பட்டாபிஷேகம், கலகம் எல்லாம் சேர்ந்துகொண்டது. இதே ஏற்பாடு 1850-கள் வரை ஓடியிருக்கிறது.

நம் பத்திரிகை டெஸ்கேதான்! ஒரு டெலிபிரிண்டர், அந்தப் பக்கம் தன் வியாபாரத்துக்கு ஏற்றபடி சொல்லும் ஏஜென்சி, இந்தப் பக்கம் எதைப் பார்த்தால் கொதிப்பார் என்று யாருக்கும் தெரியாத பெரியவர், நடுவில் நாம். அந்தத் துபாஷிகளுக்கும் அது பரம்பரை உத்தியோகம். எதைச் சொன்னால் மேலிடத்தில் வம்பு, எதை விட்டுவிடலாம் என்று டச்சுக்காரருக்கே யோசனை சொல்வார்களாம். பிரெஞ்சு மன்னரின் தலை உருண்டது 1793 ஜனவரியில். அந்தக் கலகச் செய்தி இங்கே இறங்கியது 1794-இல். உன் 'மூன்று கால் அமைச்சர்' தலைப்பு மறுநாளே சந்தி சிரித்தது. இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, மறுப்புச் செய்தி வரவே அடுத்த கப்பல் வேண்டும்.

இதில் ஹெண்ட்ரிக் டூஃப் என்று ஒரு தலைவர். அவர் காலத்தில் நெப்போலியன் ஹாலந்தை 1810-இல் பிரான்சோடு சேர்த்துக்கொண்டான். மறு வருஷம் ஜாவாவை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். சொந்த நாட்டில் இறங்கிய கொடி தெஜிமாவில் பறக்கிறது. கப்பலும் இல்லை, சம்பளமும் இல்லை. 1813-இல் ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் அங்கிருந்து டச்சுக் கொடியோடு இரண்டு கப்பல்களை அனுப்பி, தெஜிமாவை ஒப்படைக்கச் சொன்னார். ஷோகனுக்குப் பரிசாக இலங்கையிலிருந்து ஒரு யானை வேறு! டூஃப் மறுத்துவிட்டார். ஆனால் வந்திருப்பது ஆங்கிலேயர் என்று மேலிடத்துக்குச் சொல்லவும் இல்லை. சொன்னால் கப்பலில் உள்ள அத்தனை பேர் உயிரும் போகும். ஏனென்றால் 1808-இல் இதே மாதிரி பொய்க்கொடியோடு வந்த ஆங்கிலப் போர்க்கப்பல் இரண்டு டச்சுக்காரர்களைப் பிடித்து வைத்து மிரட்டிச் சென்றது. அந்த அவமானத்தில் நாகசாகியை நிர்வகித்த ஷோகனின் அதிகாரி வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். ஆகவே டூஃபும் தலைமைத் துபாஷிகளும் கூடிப் பேசி விஷயத்தை அமுக்கிவிட்டார்கள். வியாபாரம் மட்டும் நடந்தது. யானையை ஓவியர்கள் வரைந்துகொண்டார்கள். பரிசு வேண்டாம் என்று மேலிடம் சொன்னதும் அது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அமுக்கியதால் உயிர் பிழைத்த கதை இது. இதற்கு நேர் எதிர் 1852. அமெரிக்கக் கப்பல்கள் வரப்போகின்றன, தளபதி பெயர் பெர்ரி என்று டச்சுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். துபாஷிகளும் ஒழுங்காக எழுதி அனுப்பினார்கள். எடோவில் மேல்மட்டத்தில் சிலர் மட்டும் படித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். மறு வருஷம் கரும்புகை கக்கிக்கொண்டு கப்பல்கள் வந்து நின்றபோது ஊரே அலறியது.

இதையெல்லாம் ரயிலில் மருமகனுக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் சித்தப்பா மகளின் செய்தி. அப்பா படத்தைப் பத்திரிகையில் போட நல்ல பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டதாம்.

டேய், நீ என்னிடம் சொல்லவில்லை. அந்த வாரம்தான் "பேரன் யார் ஜாடை?" என்று கேட்டு எழுதினாய். பிள்ளை பிறந்த வீட்டில் சாவுச் செய்தி வேண்டாம் என்று யோசித்திருப்பாய், என் பிரஷரை யோசித்திருப்பாய். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டால் கோபம் போய்விடும், அதனால் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நாற்பது வருஷம் நம் இரண்டு பேர் எழுத்தையும் சிவப்புப் பேனாவால் கீறிய மனுஷன். தூக்கிவிட நான் வந்திருக்க முடியாது, தெரியும். அன்றைக்கு ஒரு முழுக்கு போட்டிருப்பேன் அல்லவா?

கஸ்தெல்லா கேக் இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்; முட்டை இல்லாமல் கிடைக்காது, நீ தொட மாட்டாய், உன் வீட்டில் மற்றவர்கள் தின்னட்டும். 14-ஆம் தேதி கிளம்புகிறேன். அதற்குள் எழுது. சித்தப்பா கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்தாரா, வீட்டிலா? கண் தெரிந்ததா? யார் யார் வந்தார்கள்? ஆபீஸிலிருந்து மாலையாவது வந்ததா? அந்தப் பழைய பாக்கியைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்களா, இல்லையா? எதையும் வெட்டாமல் எழுது. நீளம் பற்றிக் கவலைப்படாதே, இங்கே இடப் பற்றாக்குறை இல்லை.

அன்புடனும் கோபத்துடனும்,
உன் ராத்திரி ஷிஃப்ட்