செண்பகத்துக்கு, மும்பையிலிருந்து

சயான், மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தது. கல்லூரிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றே நாலு பக்கத்தையும் படித்தேன். உன் மகள் சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். பையன் வேறு சாதி. உனக்கும் அண்ணனுக்கும் பையனைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் உன் தம்பி, "இது நடந்தா தாய்மாமன்னு நான் வந்து நிக்க மாட்டேன், இனி நல்லது கெட்டது எதுக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடைசி வரியில் கேட்டிருந்தாய்: "இத்தனை வருஷமா சமூகவியல் சொல்லிக் குடுக்கியே, ஊர் வாயை மூட அதுல ஏதாவது வழி இருக்காட்டி?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் ஆச்சிமார் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு மேலும் சொல்ல எனக்குச் சில விஷயம் இருக்கிறது. அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதப்போகிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் மாட்டுங்கா மார்க்கெட் வரை நடந்து போய் வாழைப்பூவும் கீரையும் வாங்கி வருகிறார். மகன் புனேயில்தான் இருக்கிறான். மழை இன்னும் விடவில்லை, துணி காயவே மாட்டேன் என்கிறது.

முதலாண்டு வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் பாடமே பண்பாடும் சமூக நெறிமுறைகளும்தான். எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1895-ல் எழுதியதிலிருந்துதான் ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிப்பேன். எப்படிச் சாப்பிடுவது, யாரிடம் எப்படிப் பேசுவது, யாரைக் கட்டுவது என்பதெல்லாம் நாம் பிறப்பதற்கு முன்பே நமக்கு வெளியே இருந்துகொண்டிருக்கிறது என்கிறார் அவர். ஒத்துப்போகிறவரை அதன் அழுத்தம் தெரியாது. எதிர்த்து ஓர் அடி எடுத்து வைத்தால்தான் அது எவ்வளவு பலமாகப் பிடித்திருந்தது என்று தெரியும். உன் வீட்டில் இப்போது நடப்பது அதுதான். போன வருஷம் வரை உன் தம்பி ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன். அவன் குணம் திடீரென்று மாறிவிடவில்லை. நீங்கள் இதுவரை அந்த எல்லைப் பக்கமே போனதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்துக்கு இந்த ஊரில் லோக்கல் ரயிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. நீ வந்திருந்தபோது கூட்டத்தைப் பார்த்து மிரண்டாயே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று கவனித்திருக்க மாட்டாய். பெண்கள் பெட்டியில் ஏறுகிறவள், உட்கார்ந்திருப்பவர்களிடம் "எங்கே இறங்குவீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவாள். ஒருத்தி "காட்கோபர்" என்றால் அந்த இடம் கேட்டவளுக்கு. பிறகு எத்தனை பேர் வந்து நெருக்கினாலும், பக்கத்திலேயே இன்னொருத்தி நின்றாலும், காட்கோபர் வந்ததும் இவள்தான் உட்கார வேண்டும். மூன்று பேருக்கான இருக்கை அது. நாலாவதாக ஒருத்தி வந்து நின்று பார்த்தாலே போதும், மூவரும் ஒடுங்கி விளிம்பில் கொஞ்சம் இடம் விடுவார்கள். ஃபோர்த் சீட் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பெயர் தெரியாத பெண்கள், குஜராத்தியும் மராத்தியும் தமிழும் இந்தியும் பேசுகிறவர்கள். ரயில்வே விதிப் புத்தகத்தில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் சண்டையில்லாமல் நடக்கிறது. யாராவது மீறி உட்கார்ந்துவிட்டால் போலீஸ் வராது. பெட்டியே திரும்பிப் பார்க்கும், இரண்டு பேர் கேட்பார்கள், அவள் தானாக எழுந்துவிடுவாள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு பெருமிதம் வரும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு செய்துகொள்ள முடிகிறதே என்று. ஆனால் இந்த வருஷம் வசாயிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து நின்று இன்னொரு கேள்வி கேட்டாள். விரார் போகும் விரைவு வண்டியில், வழியிலேயே வரும் போரிவலியில் இறங்க நினைத்து யாராவது ஏறிவிட்டால், "உங்களுக்குத்தான் தனி வண்டி இருக்கே" என்று சத்தம் போடுவார்கள், சில நாள் இறங்கவே வழி விடமாட்டார்கள். புதிதாக வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? "மேடம், அதுவும் நெறிமுறைதானே, அதுவும் நல்லதா?" என்றாள். ஒரு பெட்டியில் ஏற்கெனவே இருப்பவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடு, வெளியே இருந்து வருகிறவருக்குத் தண்டனையாகவும் இருக்கலாம். பாடப்புத்தகம் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்து போய்விடும். நான் கடப்பதில்லை.

அமெரிக்காவில் ஹெரால்டு கார்ஃபிங்கல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தன் மாணவர்களிடம், சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியிருப்பவர் போல ஒரு கால்மணி நேரமாவது நடந்துகொள்ளச் சொன்னார். மரியாதையாகப் பேச வேண்டும், கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. வீட்டார் திகைத்தார்கள், கோபப்பட்டார்கள், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். என் மாணவி ஒருத்தி, தாராவியில் வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளை, இதைத் தானும் செய்து பார்த்தாள். "அம்மா, ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டதும் அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம். இரண்டாம் தடவை கேட்டபோது, "நான் என்னடி குறை வச்சேன்?" என்று அழுதுவிட்டாராம். யாரும் யாரையும் திட்டவில்லை, ஒரு பொருளும் உடையவில்லை. எதிர்பார்த்தது நடக்காமல் போனாலே பிரியமானவர்களுக்கு அவ்வளவு வலிக்கிறது. உன் தம்பியின் கோபத்திலும் அந்த வலி இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்னை ஒதுக்கி வைத்துவிட்டு அக்கா வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான். அந்தப் பாதிக்கு நீ பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சாதி என்ற மறுபாதிக்கு நீ இறங்கிப்போக வேண்டியதில்லை.

அந்த மறுபாதிக்காகத்தான் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளை மகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இங்கிருந்து தெற்கே, ராய்கட் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே சவ்தார் குளம் என்று ஒரு பொதுக்குளம். பொது இடங்களையும் நீர்நிலைகளையும் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923-ல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மகாட் நகராட்சியும் குளம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. ஆனாலும் ஒடுக்கப்பட்டோரில் ஒருவர்கூடப் போய்த் தண்ணீர் எடுக்க முடியவில்லை. வேற்று மதத்தார் எடுக்கலாம், தலித்துகள் மட்டும் கூடாது. காகிதத்தில் உரிமை இருந்தது, கரையில் ஊர் நின்றது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய், படியிறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள். அடுத்ததாகக் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, அவர்களைத் தேடித்தேடி அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு நடந்து, 1937-ல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம், செண்பகம்.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: ரயிலில் நாலாவது ஆளுக்கு இடம் கொடுப்பதும், இந்தக் குளத்தில் தண்ணீர் மறுத்ததும் ஒரே மாதிரி இயங்குகிறதா, இல்லையா? இயங்கும் விதம் ஒன்றுதான். எழுதாத விதி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம், மீறினால் கூட்டமாகத் தண்டனை. ஆகவே நெறிமுறை சமூகத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு வரும் விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை. யாரை உள்ளே வைத்து, யாரை வெளியே நிறுத்தி அது சேர்த்துப் பிடிக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

மற்ற எதையும் விட்டுக்கொடுக்கிற ஊர், கல்யாணத்தில் மட்டும் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று நீ கேட்டிருந்தாய். அதற்கும் பதில் அம்பேத்கரிடமே இருக்கிறது. 1916 மே மாதம், 25 வயதில், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக வகுப்பொன்றில் ஒரு கட்டுரை வாசித்தார். தீட்டும் சடங்கும் சாதியின் சாரம் இல்லை, தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமணம்தான் அதன் உயிர்நாடி என்பது அவர் வாதம். ஹோட்டலில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒரே ஆபீசில் வேலை பார்ப்பார்கள், சாதி அப்படியே இருக்கும். பெண் கொடுத்து பெண் எடுத்தால் இருக்காது. உன் தம்பி இந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் எதைக் காக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஊர் ஊர் என்கிறாயே, அதில் எத்தனை பேரிடம் நேரில் கேட்டாய்? சவுதி அரேபியாவில் மணமான இளைஞர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதில் உங்களுக்குச் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்டபோது பெரும்பாலானோர் சம்மதம் என்றார்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டபோதோ, சம்மதிப்பவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று கணித்தார்கள். அக்கம்பக்கத்தாரின் உண்மையான எண்ணத்தைத் தெரிவித்த பிறகு, மனைவியை வேலைக்குப் பதிவு செய்ய முன்வந்தவர்கள் கூடினார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டுமே வேறு மாதிரி நினைப்பதாக எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தால், யாருக்கும் பிடிக்காத வழக்கம்கூட நிமிர்ந்து நிற்கும். உன் தெருவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் வேலை பார்த்தாளே உன் நாத்தனார், அவளிடம் தனியாகப் பேசு. உன் தம்பி மனைவியிடம் பேசு, அவளும் ஒரு பெண்ணை வளர்க்கிறாள். எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்காதே. கூட்டத்தில் எல்லாரும் ஊராகத்தான் பேசுவார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1920களின் கடைசியிலிருந்தே ஐயர் இல்லாமல், தீ வளர்க்காமல், மாலை மாற்றிக் கல்யாணம் செய்தார்கள். அது செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் செய்தார்கள். 1967-ல் அண்ணா முதலமைச்சரானபோதுதான் சட்டம் வந்து அவற்றையெல்லாம் ஏற்றது. மகாட்டில் சட்டம் முன்னால் வந்தது, நடைமுறை பின்னால் வந்தது. இங்கே மக்கள் முன்னால் போய்விட்டார்கள். இரண்டிலும் யாரோ சிலர் முதலில் போய் நின்றார்கள், வேறு சிலர் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். இரண்டாவதாக வந்தவர்களைப் பற்றி வரலாறு அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் மிகுந்த மரியாதை. நீயும் அண்ணனும் இப்போது அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பையன் வீடு எந்தச் சாதி என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் ஒடுக்கப்பட்டவர்களாக இருந்தால் ஆபத்து உன் வீட்டுக்கு வருவதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு வரும். நம் மாவட்டத்தில் நடந்ததெல்லாம் நீயும் பேப்பரில் படித்தவள்தானே. இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும், மிரட்டல் வந்தால் பாதுகாப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. தம்பி சொன்னது மனக்கசப்போடு நின்றுவிடும் என்றால் சரி. வேறு யாராவது பையனைப் பற்றி விசாரிக்கிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று காதில் விழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே. எழுத்தில் புகார் கொடு, நகலை எனக்கும் அனுப்பு. கல்யாணத்தைச் சென்னையிலேயே பதிவு செய்வது பற்றியும் இரண்டு பேரிடமும் பேசிவிடு.

தாய்மாமன் வராவிட்டால் மாலை யார் எடுத்துக் கொடுப்பது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. நான் வருகிறேன். பெண்பிள்ளை எடுத்துக் கொடுத்தால் மாலை வாடிவிடாது. இவரும் வருகிறேன் என்கிறார். உனக்கு மனம் ஒப்பினால் சொல். அதற்குள் தம்பி மனசு மாறி வந்துவிட்டால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன், எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

தேதி முடிவானதும் உடனே எழுது, போன் செய்தாலும் சரி. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் சீக்கிரம் போய்விடும். பிள்ளைக்குப் பட்டு எந்த நிறத்தில் எடுக்கட்டும் என்று அவளிடமே கேட்டு எழுது. மாட்டுங்காவில் நல்ல கடை ஒன்று இருக்கிறது.

அன்புடன்,
மல்லிகா