டேஷ்கேம் வயரிங்கில் அலட்சியம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விபத்துச் செய்திகளுடன் கார்களின் டேஷ்கேம் (முன்கண்ணாடியில் பொருத்திச் சாலையைப் பதிவு செய்யும் சிறிய கேமரா) பதிவுகளும் அடிக்கடி வெளிவருவதால், நாளை நமக்கு ஏதேனும் நேர்ந்தால் தவறு யாருடையது என்பதற்குச் சான்று இருக்கட்டும் என்று கருதி அதை வாங்குவோர் பெருகி வருகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால், எந்தக் கேமராவை வாங்குவது என்று பல நாள் விசாரிப்பவர்கள்கூட, அதைக் காரில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதை நின்று கவனிப்பதில்லை. கடை வாசலில் அவசரமாக முடித்துத் தரப்படும் அந்த வேலையில் நேரும் இரண்டு தவறுகள் உயிருக்கே ஆபத்தாகக்கூடியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலாவது, வயர் செல்லும் வழி. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் கூரை லைனிங்குக்குள் வயரைச் செருகி, பக்கவாட்டுத் தூண் வழியாகக் கீழே இறக்குவதுதான் வழக்கம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அந்தத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலும், கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்திலும்தான் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோதல் நேர்ந்தால் கண் இமைப்பதற்குள் அது விரிந்துவிட வேண்டும். வயர் அதற்கு முன்புறமாகக் குறுக்கே கிடந்தால், விரிவது தடைபடலாம்; வயரும் மூடியும் பயணியின் முகத்தை நோக்கித் தெறிக்கவும் கூடும். எனவே, மூடியைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால், காரின் இரும்புச் சட்டத்தை ஒட்டி, நிறுவனம் ஏற்கெனவே அமைத்துள்ள வயரிங்குடன் சேர்த்துக் கட்டுவதே சரியான முறை. சில கார்களில் இந்த மூடியின் கிளிப்பை ஒருமுறை கழற்றினால் புதியதைத்தான் மாட்ட வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு என்று, இடுக்கில் விரலால் வயரைத் திணித்துவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு அதுவும் நேர்த்தியாகத்தான் தெரியும். ஆனால், உள்ளே வயர் எங்கே கிடக்கிறது என்பது திணித்தவருக்கே தெரியாது.

இரண்டாவது, மின்சாரம் எடுக்கும் முறை. ஓட்டும்போது மட்டும் பதிவானால் போதும் என்பவர்களுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டே போதுமானது. பெரும்பாலான கேமராக்களுக்குத் தேவைப்படும் 5 வோல்ட்டுக்கு, காரின் 12 வோல்ட்டை மாற்றித் தரும் அடாப்டர் கேமராவுடனேயே வருகிறது. காரை நிறுத்திய பிறகும் பதிவாக வேண்டும் என்றால்தான், மூன்று வயர்கள் கொண்ட தனி இணைப்புக் கருவி தேவைப்படுகிறது: ஒன்று பேட்டரியின் நிரந்தர இணைப்புக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்புக்கு, மற்றொன்று எர்த்துக்கு. இங்கேதான், ஸ்டீரியோவுக்குப் பின்னால் கைக்கு அகப்பட்ட வயரின் தோலைச் சீவி, புதிய வயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். முறுக்கும் தளர்ந்து சூடேறும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள இணைப்பில் இந்த மெல்லிய வயரைச் சேர்த்தால், ஷார்ட் ஏற்படும்போது ஃபியூஸ் போவதற்கு முன்பே வயர் உருகித் தீப்பிடிக்கக்கூடும்.

ஃபியூஸ் பாக்ஸிலேயே செருகக்கூடிய ‘ஃபியூஸ் டேப்’ என்ற சிறிய பொருள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அது எந்த வயரையும் வெட்டாமல் கேமராவுக்கென்று தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸுடன் இணைப்புத் தருகிறது. ஏர்பேக், பிரேக், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸ்களை மட்டும் தொடவே கூடாது. எர்த் வயரை, பெயின்ட் பூசாத உலோகத்தில் இறங்கியுள்ள போல்ட்டில்தான் இறுக்க வேண்டும். வயரை வெட்டினால் வாரன்டி கோருவதில் சிக்கல் வரலாம் என்பதையும் புதிய கார் உரிமையாளர்கள் நினைவில் கொள்வது நல்லது.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நின்றிருக்கும் காரில் கேமரா 0.3 ஆம்பியர் எடுக்கிறது என்று கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டரை நாளில் பாதி காலியாகிவிடும். குடும்பத்தோடு வெளியூர் சென்று நான்கைந்து நாள் கழித்துத் திரும்புகிறவரின் கார் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு இதுவே காரணமாகலாம். பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் வசதி, மேலே சொன்ன மூன்று வயர் இணைப்புக் கருவிகள் பெரும்பாலானவற்றிலேயே இருக்கிறது. அதை 11.6 வோல்ட்டில் விட்டுவிடாமல் 12.2 வோல்ட்டில் அமைத்துக்கொண்டால் பேட்டரி பாதியளவு இருக்கும்போதே கேமரா நின்றுவிடும். வெயிலில் நிற்கும் காரில் லித்தியம் பேட்டரி உள்ள கேமராவைவிட, அதற்குப் பதிலாகக் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் உறுப்பு) உள்ள கேமராவே நீடித்து உழைக்கும் என்பதையும் வாங்கும்போதே கவனிக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டு அறிமுகமான ஹூண்டாய் எக்ஸ்டர் காரின் உயர்வகைகளில் டேஷ்கேமை நிறுவனமே பொருத்தித் தந்தது. ஸ்கோடா ஆக்டேவியாவில் உட்புறக் கண்ணாடிக்கு அருகிலேயே யு.எஸ்.பி. இணைப்பு பெறும் வசதி வந்தது. விலை குறைந்த கார்களிலும் இப்படி ஓர் இணைப்பைத் தருவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவாகாது. அதுவரை, டேஷ்கேம் பொருத்துவதற்கென எளிய வழிகாட்டு நெறிமுறையைப் போக்குவரத்துத் துறை தமிழில் வெளியிட வேண்டும். தூண் மூடியைத் திரும்பப் பூட்டுவதற்கு முன் வயரின் பாதையையும் ஃபியூஸ் இணைப்பையும் உரிமையாளருக்குக் காட்டி, எந்த ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது என்பதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தர வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.