இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு எதை மாட்டுவது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நாய் ரொம்ப இழுக்குது, நல்ல கெட்டியான சங்கிலியா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுத்தான் எங்கள் கடைக்குப் பலரும் வருகிறீர்கள். கெட்டியான சங்கிலி அறுந்து போகாது, அவ்வளவுதான். நாய் இழுப்பது அதனால் குறையாது. உங்கள் உள்ளங்கை புண்ணாவதுதான் மிச்சம். கொக்கியை நாயின் உடம்பில் எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இழுவை கூடுவதும் குறைவதும். கடையில் நின்றபடி அவசரத்தில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம்.

சாதாரண கழுத்துப் பெல்ட்டில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒட்டி நடக்கும் நாய்க்கு அது போதும். பெயரும் உங்கள் போன் நம்பரும் பொறித்த வில்லையைத் தொங்கவிட அது கட்டாயம் வேண்டும். ஆனால் இழுக்கிற நாய்க்கு மொத்த பாரமும் தொண்டையில் விழுகிறது. செருமலும் இருமலுமாக நடக்கும் நாயைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். பொமரேனியன் மாதிரி சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாயே பலவீனம். பக் நாய்க்கு மூச்சு விடுவதே ஒரு வேலை. கண்ணுக்கும் இதில் பாதிப்பு உண்டு: 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப் பெல்ட்டோடு இழுத்தபோது நாய்களின் கண்ணழுத்தம் ஏறியது, ஹார்னஸ் (நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் வார்) போட்டு இழுத்தபோது அப்படி ஏறவில்லை. கண்ணில் கோளாறு உள்ள நாயானால் கழுத்தில் கயிறு வேண்டவே வேண்டாம்.

"சோக் செயின் ஏன் வைக்கிறதில்லை?" என்று சிலர் கோபித்துக்கொள்கிறீர்கள். இழுக்க இழுக்க இறுகும் சங்கிலி அது. பழகிய பயிற்சியாளர் ஒரு நொடி சுண்டிவிட்டு உடனே தளர்த்துவார். நம்மில் பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. நாய் இழுக்கிறது, நாமும் எதிர்ப்பக்கம் இழுக்கிறோம், சங்கிலி இறுகியபடியே இருக்கிறது. அதைவிடப் பயமானது, அதே சங்கிலியோடு நாயை கேட்டில் கட்டிவைப்பது. கம்பியில் எங்காவது சிக்கிக்கொண்டால், திமிறத் திமிற நாயின் கழுத்தை நெரித்துவிடும். முள் வைத்த பெல்ட்டையும் நாங்கள் விற்பதில்லை. வலிக்குப் பயந்து நடக்கிற நாய், எதிரில் இன்னொரு நாய் வரும்போதெல்லாம் வலிக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு உறுமத் தொடங்கலாம்.

சரி, ஹார்னஸ் வாங்கினால் போதுமா? அங்கேதான் ஒரு சிக்கல். முதுகில் கொக்கி மாட்டும் ஹார்னஸ், மாட்டுக்கு நுகத்தடி போலத்தான்: வலிக்காமல் முழு பலத்தோடு இழுக்க வசதி செய்து கொடுக்கிறது. பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கும் முதுகுப்பக்கம் கயிறு மாட்டும் ஹார்னஸ்தான் போடுகிறார்கள். பக்குக்கும் பொமரேனியனுக்கும் இது ரொம்பப் பொருத்தம். முப்பது கிலோ லாப்ரடாருக்கு இதைப் போட்டால் அது உங்களை நடைக்கு அழைத்துப் போகும்.

இழுக்கும் பெரிய நாய்க்கு எங்கள் முதல் தேர்வு நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸ். நாய் முன்னால் பாயும்போது கயிறு அதன் நெஞ்சைப் பக்கவாட்டில் திருப்பும். பாய்ந்த வேகம் உங்கள் பக்கமே திரும்பிவிடும். வாங்கும்போது முன்பக்க அமைப்பைக் கவனியுங்கள். தோள் மூட்டின் குறுக்கே படுக்கையாக ஓடும் வார் முன்கால் வீச்சைத் தடுக்கலாம். கழுத்தடியிலிருந்து நெஞ்செலும்பு வழியாக முன்கால்களுக்கு நடுவே இறங்கும் அமைப்பு நல்லது. முன்கால் அக்குளுக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அங்கே தோல் உரியும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் ஹார்னஸ் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும்.

மூக்கைச் சுற்றி வார் போகும் தலைப்பட்டையைப் பலர் வாய்மூடி என்று நினைக்கிறார்கள். அதைப் போட்டாலும் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பெரிய நாயை வயதானவர் கூட்டிப்போகும் வீட்டுக்கு இது உதவும். ஆனால் தின்பண்டம் கொடுத்து மெதுவாகப் பழக்க வேண்டும். சுண்டி இழுக்கக் கூடாது. நீளக் கயிற்றிலும் மாட்டக் கூடாது, கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

இனி நம் ஊர் நாய்கள். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். இவற்றுக்குத் தலை ஒடுக்கம். கழுத்து அளவுக்கும் தலை அளவுக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. பின்னால் ஓரடி வைத்து உருவினால் சாதாரண பெல்ட் கையோடு வந்துவிடும். லாப்ரடாருக்கு அளவெடுத்துத் தைத்த ஹார்னஸும் இவற்றுக்குச் சரிப்படாது. நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டல். இவற்றுக்கென்றே இருப்பது மார்டிங்கேல் பெல்ட். இரண்டு வளையமாக இருக்கும். இழுத்தால் ஓரளவுக்கு இறுகி அதற்கு மேல் நின்றுவிடும். முழுதாக இறுகும்போது காதுக்குப் பின்னால் உள்ள கழுத்துச் சுற்றளவுக்குச் சரியாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். முடி குறைவு, தோல் மெல்லிசு என்பதால் அகலமான துணிப்பட்டை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பயந்த நாய்க்கும் இதே யோசனைதான். தீபாவளி நேரத்தில் ஹார்னஸில் ஒரு கொக்கி, மார்டிங்கேலில் ஒரு கொக்கி என்று இரண்டாக மாட்டிக்கொண்டு போங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாயைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அளவுக்குத் தையல் டேப் போதும். கழுத்தின் அடிப்பகுதி, முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு, இரண்டும் வேண்டும். "லாப், ஒரு வயசு" என்று போனில் சொன்னால் எங்களால் சரியான அளவு சொல்ல முடியாது. குட்டியானால் வாராவாரம் பெல்ட்டுக்குள் இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள். கயிறு ஐந்தாறு அடி நீளம் இருந்தால் போதும். தானாகச் சுருளும் லீஷ் இழுக்கும் நாய்க்கு ஆகாது: இழுத்தால் இன்னும் கயிறு கிடைக்கும் என்று அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். தோல் பெல்ட் அழகுதான், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மெத்தை வைத்த ஹார்னஸை வெயில் காலத்தில் நாள் முழுக்கப் போட்டுவைக்காதீர்கள். அடியில் புண் வரும், உண்ணி ஒளிந்துகொள்ளும்.

எதை மாட்டினாலும் நடக்கப் பழக்க வேண்டியது நீங்கள்தான். கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் சில நாள் தெருமுனைக்குப் போகவே அரைமணி ஆகும், பரவாயில்லை. அப்பா நிற்கிறார், பையன் இழுத்த இழுப்புக்கு ஓடுகிறான் என்றால் நாய் பையன் சொல்வதைத்தான் கேட்கும்.

முடிந்தால் நாயையே கடைக்குக் கூட்டி வாருங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. போட்டுப் பார்த்து, வாசலில் பத்தடி நடத்திப் பார்த்து வாங்கலாம். அளவு சேரவில்லையென்றால், கடித்துக் குதறாதவரை, பில்லோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் செல்லப்பிராணிக் கடையினர்,
மதுரை